மைலோவுக்குச் சூடு எவ்வளவு?

மோகனராஜ் இதுவரை விற்ற பல்புகளை எல்லாம் ஒரே நேரத்தில் எரியவிட்டால் பினாங்குத் தீவில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடும். முப்பது வருஷத்துக்கு மேலாக லெபோ பாசார் தெருவில் ஒரு விளக்குக் கடையில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு வாசலில் தொங்கும் வண்ணச் சரம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கட்டும் குழல் விளக்கு, சாமி மேடையில் இரவும் பகலும் எரியும் சின்னச் சிவப்பு பல்பு, எதைக் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பல்பு வாங்க வந்தவரின் கண் முன்னால் அதை மேசையோரத்து ஹோல்டரில் மாட்டி, எரிகிறதைக் காட்டிவிட்டுத்தான் திரும்பப் பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். முதலாளி ஷேக் அலாவுதீனின் தகப்பனார் காலத்தில் வந்த வழக்கம். இப்போது வரும் பல்புகளில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கெட்டதில்லை, இருந்தாலும் மோகனராஜ் விடுவதில்லை. அவசரமாக நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் பாட்டுக்கு மாட்டுவார், எரியும், கழற்றுவார். எரியாத பல்பை யாருக்கும் கொடுத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. இன்னொரு பெருமை வைத்துக்கொள்ளும் ஆசாமியும் அல்ல.

பேச்சு மட்டும் அவருக்கு வராது. கடை போனை எடுத்தால் "இருக்கு, வாங்க" என்பார், இல்லாவிட்டால் "இல்ல, நாளைக்கு" என்பார், வைத்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஜெயலெட்சுமி இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை, மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மகள் காமினிக்கு என்ன வேண்டும் என்பதும், அப்பாவுக்கு என்ன கோபம் என்பதும் அவள் வாய் வழியாகத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். அவள் போன பிறகு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும் என்று ஆகிவிட்டது. காமினி கடலுக்கு அக்கரையில் ஜுருவில் ஒரு கார் கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். எப்போதாவது போன் அடிப்பாள். சாப்பிட்டீங்களா என்பாள், சாப்பிட்டேன் என்பார், முடிந்தது.

போன வருஷம் அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, நல்ல சம்பளம், எல்லாம் சரி. ஒரு சனிக்கிழமை மதியம் அவள் ஒரு கண்ணாடிப் பெட்டியையும் அதற்குள் ஒரு பாம்பையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோதுதான் மோகனராஜ் பேய் முழி முழித்தார். மகள் பாம்பு வளர்க்கிறாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜெயலெட்சுமி இருந்திருந்தால் முன்னமே காதில் போட்டிருப்பாள்.

அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மலைப்பாம்பு வகை, குட்டை இனம், விஷம் கிடையாது, பயந்தால் பந்து போல் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான் என்று காமினி சொன்னாள். கடையில் கலக்கித் தரும் மைலோ பானத்தின் பழுப்பு நிறம் என்பதால் மைலோ என்று பெயர். லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக எடுத்திருக்கிறாள். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. தெரிந்தவர்கள் யாரிடமும் விட மனம் இல்லை. "உங்ககிட்ட குடுத்தா நீங்க சொன்னத சொன்ன மாதிரி செய்வீங்கப்பா" என்றாள். மோகனராஜுக்கு அது பாராட்டா, வேறு வழி இல்லாமல் சொன்னதா என்று பிடிபடவில்லை. தலையை ஆட்டி வைத்தார்.

அவள் சொன்னது இதுதான். பெட்டியின் ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், முப்பத்திரண்டு டிகிரி. மறு பக்கம் குளுமையாக இருக்க வேண்டும். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு ஊறாது, வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டும்போது இந்தப் பக்கம் வரும், போதும் என்றால் அந்தப் பக்கம் போகும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, நெஞ்சில் சளி கட்டும், செத்தும் போகலாம். கண்ணாடியில் இரண்டு பக்கமும் முள் வைத்த வெப்பமானி ஒட்டியிருந்தது. மேலே வலை மூடியில் ஒரு சிவப்பு பல்பு. சாப்பாட்டுக் கவலை அவருக்கு இல்லை, கெலுகோரில் செல்லப்பிராணிக் கடையில் பகுதி நேரம் வேலை பார்க்கும் இக்மல் என்ற பல்கலைக்கழக மாணவன் வாரம் ஒருமுறை எலியோடு வந்து ஊட்டிவிட்டுப் போவான்.

மோகனராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. பினாங்கில் ஏர்கண்டிஷன் போடக் காசில்லாதவன் கதவைத் திறந்து போட்டுப் படுக்கிறான், இந்த ஜீவனுக்குச் சூடு பத்தாதா?

காமினி சிங்கப்பூர் போன மறுநாள் மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது. சூடு எவ்வளவு என்று கேட்டாள். எழுந்து போய் முள்ளைப் பார்த்து, முப்பத்திரண்டு என்றார். சரிப்பா என்றாள். வைத்தார். அடுத்த நாளும் ஏழு மணிக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வேலை முடிந்து ரயிலில் ஏறியதும் அடிப்பாள் போலிருக்கிறது, பின்னால் கதவு மூடும் மணிச் சத்தம் கேட்கும்.

இதிலே அவருக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. அதை நேராகவே சொல்லிவிடலாம், மகளின் குரலைத் தினமும் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. கடையிலிருந்து எப்போதும் கடைசி ஆளாகக் கிளம்புகிறவர் இப்போது பஸ்ஸுக்கு ஓடினார். ஏழு மணிக்கு முன்பே குளித்து, வேட்டி மாற்றி, முள்ளைப் பார்த்து, எண்ணை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும், அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே "முப்பத்திரெண்டு" என்பார். அவள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று உடனே வைத்தும் விடுவார். கச்சிதமாகச் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பு பல்பு உயிரை விட்டது. மோகனராஜ் பதறவில்லை. பல்பு போனால் பல்பு மாற்றத் தெரியாதவரா அவர்? மறுநாள் கடையிலிருந்து சாமி மேடைச் சிவப்பு பல்பு ஒன்றை, வழக்கப்படி எரியவிட்டுப் பார்த்து, வாங்கி வந்து மாட்டினார். பெட்டி பழையபடி சிவந்தது. முன்பைவிட லட்சணமாகவே இருந்தது. ஆனால் முள் ஏறவில்லை. முப்பதுக்கு இறங்கியது, இருபத்தெட்டு ஆனது, வெளியே மழை வலுத்ததும் இருபத்தாறுக்கு வந்து நின்றது. மைலோ, தான் ஒளிந்துகொள்ளும் சின்னப் பெட்டிக்குள் போனவன் தலையை நீட்டவே இல்லை.

அவர் திருதிருவென்று விழித்தார். அதே சிவப்பு, அதே பிரகாசம், பிறகென்ன? பல்பைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பத்து வருஷமாக அவர் வாயாலேயே விற்ற சரக்கு அது. இந்தப் பல்பு சூடாகாது, தொட்டுப் பாருங்கள், கரண்டு மிச்சம் என்று எத்தனை பேர் கையைப் பிடித்துத் தொட வைத்திருப்பார். கடை முழுக்க இப்போது சூடாகாத பல்புதான். சூடாகும் பல்பு ஒன்றுகூட இல்லை.

ஏழு மணிக்கு இருபத்தாறு என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த சூட்டோடு திரும்ப அடித்தது. ஏன் குறைந்தது என்று காமினி கேட்டாள். மழை என்றார். பல்பு எரிகிறதா என்று கேட்டாள். எரிகிறது என்றார். அது பொய்யும் இல்லை. பிறகு எப்படிக் குறையும் என்று அவள் குழம்ப, சூடாகாத பல்பை மாட்டியதைச் சொல்ல வெட்கப்பட்டு இவர் மென்று விழுங்கினார். செத்துப்போயிடுவான்பா என்று அவள் குரல் இறங்கியது.

யோசனை கேட்டால் ஊரில் பஞ்சமா? முதலாளி அலாவுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பினாங்குல யாருக்கு, மோகன், சூடு வேணும்? மொட்டை மாடியில வச்சிட்டு வாங்க லா, வெந்து வரும்." பக்கத்து வீட்டுச் சந்திரிகா பாம்பு வந்த நாளிலிருந்து அவர் வீட்டுப் படியை மிதிப்பதில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே, சோறு வேகும் குக்கருக்குப் பக்கத்தில் பெட்டியை நகர்த்தச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒரு மஞ்சள் பொட்டும் வைத்துவிடுங்கள் அண்ணே, எதற்கும் இருக்கட்டும் என்றாள். ஃபேஸ்புக்கில் பாம்பு வளர்ப்பவர்கள் குழு ஒன்று இருப்பதை அலாவுதீன் தேடிக் கொடுத்தார். அங்கே ஒருவர் சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது, ராத்திரியெல்லாம் போடலாம் என்கிறார். அடுத்தவர், அது பழைய கதை, சிவப்பும் தெரியும், தூக்கம் கெடும், உடனே கழற்று என்கிறார். மூன்றாமவர் பகலில் வெளிச்சம், ராத்திரி இருட்டு, சூடு மட்டும் இரண்டு வேளையும் என்கிறார். நாலாமவர் மலேசியாவில் எதுவுமே வேண்டாம், சும்மா இருங்கள் என்கிறார். மோகனராஜுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடைசியில் கெலுகோருக்குப் பஸ் ஏறினார். இக்மல் கடையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அங்கிளுக்கு வேண்டியது இதுதான் என்று மலாயில் சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே வெள்ளைப் பீங்கானில் காளான் மாதிரி ஒரு சாமான், அடியில் பல்புக்கு உள்ளதுபோல் திருகு மறை. கண்ணாடியும் இல்லை, இழையும் இல்லை. இதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும் என்று அதையும் எடுத்தான்.

எரியவிட்டுக் காட்டு என்றார் மோகனராஜ்.

இக்மல் ஒரு விநாடி அவரைப் பார்த்தான். பிறகு பெரியவர் கேட்கிறாரே என்று ஹோல்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. மோகனராஜ் பரிதாபமாகத் தலையை அசைத்து, வேறு ஒன்று எடுக்கச் சொன்னார். வந்த வேலையின் சுவாரஸ்யத்தில் அவரே மேசைக்கு உள்பக்கம் போய்விட்டார். இரண்டாவதை அவரே பக்கத்து ஹோல்டரில் மாட்டினார். எரியவில்லை. மூன்றாவது, அதுவும் இல்லை. இதுவரை பார்த்திராத அதிசயம், மூன்றுக்கு மூன்று கெட்டது. பிள்ளை மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று தனக்குத் தெரிந்த நல்ல மலாயைத் திரட்டி, இந்தச் சரக்கு மொத்தமும் கெட்டுப்போய்விட்டது, அனுப்பினவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு, இப்படி விற்றால் கடைப் பெயர் கெடும் என்றார். இது எரியாது அங்கிள், எரியக் கூடாது என்றான் இக்மல். எரியாத பல்பை எதற்கப்பா விற்கிறாய் என்றார் அவர். சூட்டுக்கு என்றான். வெளிச்சம் இல்லாமல் சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே, முதலில் மாட்டி அங்கேயே விட்டிருந்ததைக் கழற்றப் போய் இரண்டு விரலால் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. இக்மல் குழாயடிக்கு அழைத்துப்போய் விரலைத் தண்ணீரில் காட்டினான். கொப்புளத்தோடும் பீங்கான் பல்போடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

முள் ஏறியது. ஏழு மணிக்கு முப்பத்திரண்டு என்று சொன்னபோது மறுமுனையில் காமினி பெருமூச்சு விட்டது கேட்டது. விரல் சுட்டதை அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லையே.

ஆனாலும் அந்தப் பல்போடு குடித்தனம் செய்வது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. கூடம் இருட்டாகக் கிடக்கும். பல்பு இருக்கிறதா, செத்ததா என்று பார்த்தால் தெரியாது. சுவிட்சு போட்டதும் கண் தானாக மேலே போகும், அங்கே ஒன்றும் இருக்காது, மனசு ஒரு கணம் தடுமாறும். உள்ளங்கையைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார், இருக்கிறது. திரும்பி நாலு அடி வைப்பார், மறுபடி சந்தேகம் வந்துவிடும். வெயில் ஏறினால் சூடு மிஞ்சுகிறது, மழை வந்தால் குறைகிறது என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பல்பைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். இதெல்லாம் செய்துவிட்டு மகளிடம் சொல்வது ஒரு எண்தான்.

ஒரு நாள் காமினியிடமிருந்து பார்சல் வந்தது. இக்மல் வந்து பிரித்தான். சின்ன மிஷின், அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று, ஒயரின் நுனியில் விரல்நகம் அளவுக்கு ஒரு உலோக முனை. முனையைச் சூடான பக்கத்தில் வைத்து ஒட்டினான். இனிமேல் சூடு குறைந்தால் மிஷினே பல்பைப் போடும், மிஞ்சினால் அதுவே அணைக்கும். எத்தனை டிகிரி என்பது வைஃபை வழியாகக் காமினியின் போனிலேயே ஓடிக்கொண்டிருக்கும், ரொம்பக் குறைந்தால் அங்கே அலாரமும் அடிக்கும். அன்று இரவு அவள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்பா, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்.

நல்ல பிள்ளை, அப்பாவின் கஷ்டம் தெரிந்திருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் ஏழு மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தார். முள்ளைப் பார்த்து எண்ணையும் மனசில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவில்லை. ரயில் தாமதமாக இருக்கும் என்று நினைத்தார். எட்டு மணி ஆனதும் போன்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, சந்திரிகா வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு கால் அடித்துப் பார்க்கச் சொன்னார். அவள் அடித்ததும் கையிலிருந்தது கணீரென்று அடித்தது. போனில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்குத்தான் என்ன கோளாறு என்று விளங்கவில்லை. மைலோ நன்றாக இருக்கிறான், சூடு சரியாக இருக்கிறது, மகளுக்கு நிம்மதி, அவருக்கும் வேலை மிச்சம். இதில் எது சரியில்லை? சோற்றைப் பிசைந்தார், இறங்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மறுபடியும் காதில் விழ ஆரம்பித்தது.

தானே அடித்தால் என்ன என்றும் தோன்றாமல் இல்லை. பெயரைத் தேடி எடுத்து, பொத்தானுக்கு மேலே விரலையும் கொண்டுபோவார். அவள் எடுத்தால் என்ன சொல்வது? சூட்டைச் சொல்லலாமென்றால் அது அவளுக்கே தெரியும். அதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது.

பிறகு நடந்தது தற்செயல்தான். ஒரு மாலை மைலோவின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது ஒட்டியிருந்த ஒயர் கையோடு வந்து ஈரத் தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவருவதற்குள் போன் அலறியது. இருபத்தேழு காட்டுகிறது, என்ன ஆயிற்று என்று காமினி பதறினாள். ஒயர் விழுந்துவிட்டது, இதோ வைத்துவிட்டேன் என்றார். அப்பாடா, பயந்துட்டேன்பா என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஒயரை அவரே எடுத்துத் தரையில் போட்டார். போன் வந்தது. அதற்கு அடுத்த நாள் சட்டென்று வரட்டுமே என்று ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரில் முனையைப் போட்டார். அன்றும் வந்தது. ஒட்டு பிடிக்கவில்லை, லூசு போல என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னார். தான் செய்வது சரியா என்று அவர் தன்னைக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டுதான் செய்தார். ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை குவளையில் ஐஸ் கட்டியும் போட்டார். முனையை உள்ளே விட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றார். மணி அடிக்கவில்லை. ரயிலில் சிக்னல் இருக்காது, வேலை முடிந்திருக்காது, இதோ அடிப்பாள், இதோ அடிப்பாள் என்று நின்றார். ஐஸ் கரைந்ததும் இன்னும் இரண்டு கட்டி போட்டார். சாமி மேடையில் விளக்கேற்றிக் கும்பிட்டார். திரும்பி வந்தும் போன் அடிக்கவில்லை. அப்போது கூடத்தில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது.

மைலோ தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருந்தான். அந்தச் சின்னக் கிண்ணத்தில் உடம்பைத் திணித்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். மோகனராஜ் கண்ணாடியைத் தொட்டார், கொதித்தது. வலது பக்கத்து முள் நாற்பதைத் தாண்டி நின்றது. குளுமையாக இருக்க வேண்டிய இடது பக்கமும் முப்பத்தாறு. பல்பைப் பார்த்தார், அது எரியாமல், ஒன்றும் அறியாததுபோல் வெள்ளையாகத் தொங்கியது. ஐஸ் தண்ணீரில் கிடந்த முனை குளிர் குளிர் என்று சொல்லச் சொல்ல, அந்த மிஷின் பல்பை முழு வேகத்தில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முப்பது வருஷம் மின்சாரச் சாமான் விற்றவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் தூக்கி எறிந்தார். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தொடாத பாம்பை, இரண்டு கையையும் விட்டு அள்ளி எடுத்தார். வழுவழுவென்று சுடச்சுட இருந்தது. அது பந்தாகச் சுருளவில்லை, அவர் முன்கையைச் சுற்றிக்கொண்டு அப்படியே தொங்கியது. அது மூச்சு விடுகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அப்பா, பத்து டிகிரி காட்டுது. நாலு நாளா ஏதோ ஒண்ணு. உங்களால முடியலன்னு தெரியுது, நான்தான் கஷ்டப்படுத்துறேன். இக்மல்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து மைலோவ எடுத்துக்குவான்."

சரி என்று சொல்லி வைத்துவிடலாம். அதுதான் அவர் வழக்கம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கையில் பாம்பு லேசாக அசைந்தது.

"மிஷினு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "நான்தான் அந்த ஒயர எடுத்து ஐஸ் தண்ணியில போட்டேன். பல்பு அணையல. மைலோ வெந்துட்டான்."

அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. உயிர் இருக்கிறதா, தலையைத் தூக்குகிறானா, நாக்கை நீட்டுகிறானா. அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் கறுப்பாக ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து அவர் மணிக்கட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. நீட்டுறான் என்றார். ஐஸ் வைக்காதீங்க, ஃபேன் போடாதீங்க, சும்மா கையிலேயே வச்சிருங்க, மெதுவா ஆறட்டும் என்றாள். அவர் அப்படியே நின்றார்.

"ஏன்பா அப்படி செஞ்சீங்க?"

அவர் கையிலிருந்த மைலோவைப் பார்த்தபடி சொன்னார். "சூடு கொறஞ்சாத்தான் நீ போன் அடிக்கிற."

ரயில் கதவின் மணிச் சத்தம் கேட்டது.

"நான் அடிச்சா ஒரு நம்பர சொல்லிட்டு வச்சிருவீங்களேப்பா" என்றாள் காமினி. அழுகிறாளா, ஜலதோஷமா என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள வச்சிருவீங்க. உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு நெனச்சுதான் அந்த மிஷினயே வாங்கினேன்."

மோகனராஜ் அதைக் கேட்டார். அர்த்தம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும், இத்தனை நாள் கச்சிதமாகச் சொல்லி வைத்த முப்பத்திரண்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உன் நேரத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அது மகளிடம் சொல்லும் பதிலாக அவருக்கே தோன்றவில்லை.

"மைலோவ இக்மல்கிட்டயே குடுத்துரும்மா" என்றார். "என்கிட்ட இருக்க வேணாம். நான் அவன கொன்னுருப்பேன்."

"ம்" என்றாள். மறுக்கவில்லை. அது அவருக்கு வலித்தது, அதுதான் சரி என்பதும் தெரிந்தது.

"நாளைக்கு ஏழு மணிக்கு அடிக்கிறேன்பா."

"அடிம்மா. ஞாயித்துக்கெழம வரைக்கும் சூட்ட நான் ஒழுங்கா பாத்து சொல்றேன்."

"அதுக்கப்புறமும் அடிப்பேன்."

அவர் குழம்பிப்போனார். "மைலோதான் இருக்க மாட்டானே. அப்புறம் எதுக்கு?"

"உங்ககூட பேசத்தான்பா" என்றாள் அவள். இந்தத் தடவை அவளே முதலில் வைத்தாள்.

மோகனராஜ் கூடத்தின் நடுவே நின்றார். கையில் மைலோவின் சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் அவன் பயந்துவிடுவானோ என்று நின்றபடியே இருந்தார். நாளைக்குச் சொல்லச் சூடு இருக்கிறது, மறுநாளைக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் அடிக்கும், அவள் அப்பா என்பாள், பிறகு என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினார். கடையைப் பற்றிச் சொல்லலாமா? அதில் என்ன இருக்கிறது சொல்ல? ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் யோசித்துக்கொண்டே இருந்தார்.